கேட்பாரற்றுக் கிடக்கும் மருந்துப் பைகளும் மேலிடம் கேட்கும் எண்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் சங்கிலி மருந்துக்கடைகளில் டெக்னீஷியனாகவோ பார்மசிஸ்ட்டாகவோ புதிதாகச் சேர்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். உங்கள் மாநில பார்மசி வாரியத்தின் விதியோ கம்பெனியின் கையேடோ இங்குள்ளதிலிருந்து வேறுபட்டால் அவற்றின்படியே நடங்கள்.

நோயாளி வாங்காத மருந்து முதலில் எப்படித்தான் சேர்கிறது?

டாக்டர் கம்ப்யூட்டரில் ஒரு பொத்தானைத் தட்டினால் மருந்துச் சீட்டு கடைக்கு வந்துவிடுகிறது. நாம் அதை உள்ளிட்ட சில நொடிகளில் இன்சூரன்ஸ் தரப்பு பதில் சொல்கிறது: எங்கள் பங்கு இவ்வளவு, நோயாளியிடம் வாங்க வேண்டிய கோபே இவ்வளவு. மாத்திரையை எண்ணுகிறோம், பார்மசிஸ்ட் சரிபார்க்கிறார், பையில் போட்டு, நோயாளி வந்து வாங்கும் வரை பைகள் காத்திருக்கும் வில்-கால் அலமாரியில் வைக்கிறோம். 'உங்கள் மருந்து தயார்' என்று குறுஞ்செய்தி போகிறது. இவ்வளவு நடந்த பிறகும் அந்த நோயாளி நம்மிடம் 'எனக்கு இது வேண்டும்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார். சீட்டு டாக்டரிடமிருந்து வந்திருக்கும், அல்லது பழைய சீட்டின் அடுத்த தவணையைத் தயாரிக்கும் ஆட்டோ ரீஃபில் தானாகவே கிளப்பியிருக்கும்.

இங்கே முக்கியமானது, பில் போகும் நேரம். மருந்தைத் தயாரிக்கும்போதே இன்சூரன்ஸிடம் பணம் கேட்கும் க்ளெய்ம் போய்விடுகிறது, நோயாளி வாங்கும்போது அல்ல. அலமாரியில் இருக்கும் பைகளில் பெரும்பாலானவை இன்சூரன்ஸ் கணக்கில் ஏற்கெனவே 'கொடுத்தாயிற்று' என்றுதான் பதிவாகியிருக்கும். மற்ற சிக்கல்கள் எல்லாம் இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

எத்தனை நாள் வைத்திருக்கலாம்?

பெரும்பாலான கடைகளில் 7 முதல் 14 நாள். இன்சூரன்ஸ் சார்பில் மருந்து பில்களைக் கையாளும் இடைநிலை நிறுவனங்களான பி.பி.எம்.கள், தங்கள் ஒப்பந்தக் கையேட்டிலேயே இத்தனை நாளுக்குள் க்ளெய்மைத் திரும்பப் பெற வேண்டும் என்று எழுதியிருக்கும். கம்பெனிகள் அதைவிடக் குறைவான நாளைத் தங்கள் எல்லையாக வைத்துக்கொள்வது வழக்கம்.

நாள் கணக்கு க்ளெய்ம் போன தேதியிலிருந்து தொடங்குகிறது, பையை மாட்டிய தேதியிலிருந்து அல்ல. ஸ்டாக் இல்லாமல் மூன்று நாள் கழித்துத் தயாரான மருந்தில் இந்த மூன்று நாள் வித்தியாசம் ஆளைக் கவிழ்க்கும்.

ஒரு வாரம் கூடுதலாக இருந்தால் என்ன குடிமுழுகிப் போகும்?

கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் சட்டம். நோயாளி வாங்காத மருந்துக்கான பணத்தைத் திருப்பாமல் வைத்திருப்பது, கொடுக்காத பொருளுக்குக் காசு வாங்குவது. முதியோருக்கான மெடிகேர், வருமானம் குறைந்தவர்களுக்கான மெடிக்கெய்ட் போன்ற அரசுத் திட்டங்கள் என்றால், 1863-இல் உள்நாட்டுப் போரின்போது ராணுவத்துக்கு மோசமான சரக்கை விற்றவர்களைப் பிடிக்க வந்த பொய்க் க்ளெய்ம் சட்டம் இங்கே நுழைகிறது. அரசுக்கு ஏற்பட்ட இழப்பைப் போல மூன்று மடங்கு, அதற்கு மேல் ஒவ்வொரு க்ளெய்முக்கும் தனி அபராதம் என்று அது போகும். 2024 செப்டம்பரில் வால்கிரீன்ஸ் இப்படிப்பட்ட குற்றச்சாட்டைத் தீர்க்க 10.68 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. 2009-க்கும் 2020-க்கும் இடையே, யாரும் வந்து வாங்காத மருந்துகளுக்கு அரசுத் திட்டங்களுக்கு பில் போட்டதாக அமெரிக்க நீதித்துறை சொல்லியிருந்தது. விஷயத்தை வெளியே கொண்டுவந்தவர்களில் அந்த நிறுவனத்தின் முன்னாள் ஊழியரும் ஒருவர். எங்கோ தலைமை அலுவலகத்தில் நடக்கிற சமாச்சாரம் என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு க்ளெய்மும் ஏதோ ஒரு கடையின் ஏதோ ஒரு கொக்கியில் தொங்கிய பைதான்.

அடுத்தது நோயாளி. அவர் வேறு கடைக்குப் போய் அதே மருந்தைக் கேட்கிறார் என்று வையுங்கள். நம் க்ளெய்ம் உயிரோடு இருப்பதால் அந்தக் கடைக்கு 79 என்ற நிராகரிப்பு எண் வரும். 'ரீஃபிலுக்கு இன்னும் காலம் ஆகவில்லை' என்று பொருள். அங்கிருக்கும் டெக்னீஷியன் நம்மைக் கூப்பிட்டு, நம் போன் பத்து நிமிடம் அடித்து, யாரோ எடுத்து, க்ளெய்மை ரிவர்ஸ் செய்து, அதாவது ரத்து செய்து, முடிக்கும் வரை அந்த மனிதர் கவுண்டரிலேயே நிற்க வேண்டும்.

அப்புறம் சரக்கு. மருந்தை எண்ணிப் பையில் போட்டதும் கம்ப்யூட்டர் அதை இருப்பிலிருந்து கழித்துவிடுகிறது. இருப்பு குறைந்ததால் தானாகவே ஆர்டர் போடுகிறது. பத்தாவது நாள் பை திரும்பி வரும்போது புதிய சரக்கும் வந்திறங்கியிருக்கும். மலிவான மாத்திரை என்றால் பரவாயில்லை. ஒரு பெட்டி பல நூறு டாலர் பெறும் எடைக் குறைப்பு ஊசி என்றால் கடையின் பணம் ஃப்ரிட்ஜில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

ஆர்.டி.எஸ். வேலையை எந்த வரிசையில் செய்வது?

மருந்தைத் திரும்ப இருப்பில் சேர்க்கும் வேலையைக் கடையில் எல்லாரும் 'ஆர்.டி.எஸ்.' என்றே சொல்வார்கள். காலை முதல் வேலையாகப் பட்டியலை எடுங்கள். கெடு முடிந்த சீட்டுகள் அதில் இருக்கும். பட்டியலில் உள்ள பைகளை எல்லாம் அலமாரியிலிருந்து எடுத்து ஒரு கூடையில் போட்ட பிறகுதான் கம்ப்யூட்டருக்குப் போக வேண்டும். முதலில் கம்ப்யூட்டரில் ரத்து செய்துவிட்டு, பையை அப்புறம் தேடலாம் என்று விட்டால், இடையில் நோயாளி வந்து நிற்பார். கேஷ் கவுண்டரில் புதிதாகச் சேர்ந்தவர் பையை எடுத்து நீட்டுவார். ஸ்கேன் ஏற்காது. அங்கே ஆரம்பிக்கும் குழப்பம்.

கூடை நிறைந்ததும் ஒவ்வொரு பையாக ஸ்கேன் செய்யுங்கள். க்ளெய்ம் ரிவர்ஸ் ஆனதற்கு 'ஏற்கப்பட்டது' என்ற பதில் வந்ததா என்று பாருங்கள். சில சமயம் பி.பி.எம். பக்கம் கோளாறாகி ரிவர்ஸ் நிராகரிக்கப்படும், திரையில் ஒரு சின்ன வரி வந்து மறைந்துவிடும். அப்படி நின்றுபோனவற்றைத் தனியாக வைத்து அன்றே முடிக்க வேண்டும். தணிக்கையில் மாட்டுவது பெரும்பாலும் இவைதான்.

பிறகு பையைப் பிரியுங்கள். நோயாளியின் பெயருள்ள விவரத் தாள், பை மேல் ஒட்டிய சீட்டு, ரசீது எல்லாம் ரகசியக் கழிவுக்கான தொட்டியில் போக வேண்டும், சாதாரணக் குப்பையில் அல்ல. நோயாளியின் ரகசியத்தைக் காக்க 1996-இல் வந்த ஹிப்பா சட்டம் மருந்துக் குப்பியில் ஒட்டிய லேபிளுக்கும் பொருந்தும். குப்பியின் மேல் புதிய ஆர்.டி.எஸ். லேபிளை ஒட்டும்போது பழைய பெயரின் ஓரம்கூட வெளியே தெரியக் கூடாது. மூடியைத் திறந்து உள்ளே இருப்பது லேபிளில் சொன்ன மாத்திரைதானா என்று படத்தோடு ஒப்பிடுங்கள். எண்ணிக்கை குறைவாகத் தோன்றினால் மறுபடி எண்ணுங்கள். பார்மசிஸ்ட் பார்த்து முடித்த பிறகு ஷெல்ஃபில், அதே மருந்தின் பெரிய பாட்டிலுக்கு முன்னால் வையுங்கள். அடுத்து வருகிற சீட்டுக்கு முதலில் கைக்கு வருவது அதுவாக இருக்க வேண்டும்.

அதைப் பெரிய பாட்டிலிலேயே கொட்டிவிட்டால் இடம் மிச்சமாகுமே?

வேண்டவே வேண்டாம். இரண்டும் வேறு வேறு லாட்டாக, அதாவது வேறு வேறு உற்பத்தித் தொகுதியாக, இருக்கலாம், காலாவதித் தேதியும் வேறாக இருக்கலாம். நாளைக்கு ஒரு லாட்டைத் திரும்பப் பெறச் சொல்லி அறிவிப்பு வந்தால் எது எது என்று பிரிக்கவே முடியாது. குப்பியில் லாட் எண் இல்லை என்றால், அந்த மருந்துக்கு அறிவிப்பு வரும்போது அந்தக் குப்பியும் சேர்ந்தே போக வேண்டியதுதான்.

ஆர்.டி.எஸ். குப்பிக்கு ஆயுள் எவ்வளவு என்பதை மாநிலம் சொல்லும். உற்பத்தியாளரின் காலாவதித் தேதி அல்லது குப்பியில் போட்டதிலிருந்து ஓராண்டு, இதில் எது முன்னதோ அது என்பது பரவலான வழக்கம்.

எதைத் திரும்பச் சேர்க்கவே முடியாது?

நோயாளி கையில் வாங்கிக்கொண்டு கடையை விட்டு வெளியே போன எதையும். கார் வரை போய்த் திரும்பியிருந்தாலும் சரி, பை பிரிக்கப்படாமலே இருந்தாலும் சரி. வெளியே எந்தச் சூட்டில் இருந்தது என்று நமக்குத் தெரியாது.

தண்ணீர் ஊற்றிக் கலக்கிய குழந்தை ஆன்டிபயாட்டிக் மருந்துகளையும் சேர்க்க முடியாது. அமாக்சிசிலின் சிரப் கலக்கிய பிறகு 14 நாள்தான், கிளாவுலனேட் சேர்ந்தது 10 நாள்தான். அதனால் பொடியாகவே பையில் வைத்து, 'வரும்போது கலக்கவும்' என்று ஒரு சீட்டை ஒட்டிவிடுங்கள். நோயாளி காத்திருக்கும் இரண்டு நிமிடத்தில் கலக்கிவிடலாம். மருந்தகத்திலேயே ஒரு நோயாளிக்கென்று தனியாகத் தயாரித்த களிம்பு, கலவை போன்றவையும் பெரும்பாலும் குப்பைக்குத்தான். அவற்றைத் தயாரிக்கும் முன் ஒரு போன் செய்துவிடுவது நல்லது.

ஃப்ரிட்ஜ் மருந்து 2 முதல் 8 டிகிரி செல்சியஸிலேயே இருந்தது உறுதியானால் சேர்க்கலாம். இன்சுலின் பை தவறிப்போய் சாதாரண அலமாரியில் நாலு நாள் இருந்திருந்தால், வெளியில் இத்தனை நாள் தாங்கும் என்று பெட்டியில் போட்டிருக்கிறதே என்று சமாதானம் சொல்லிக்கொண்டு ஃப்ரிட்ஜில் திரும்ப வைக்காதீர்கள். பார்மசிஸ்ட்டிடம் சொல்லுங்கள், முடிவு அவருடையது.

கட்டுப்பாட்டு மருந்துகளுக்கு என்ன வித்தியாசம்?

போதைப் பழக்கமாகும் ஆபத்து அதிகமுள்ள இரண்டாம் அட்டவணை மருந்துகளில் பார்மசிஸ்ட் தன் கையாலேயே திரும்ப எண்ணி, இருப்புப் பதிவேட்டில் அந்த எண்ணிக்கையைக் கூட்டி, பூட்டிய அறையில் வைக்க வேண்டும் என்பதே பெரும்பாலான கடைகளின் நடைமுறை. பதிவேட்டில் கூட்ட மறந்தால் மாதக் கணக்கில் மாத்திரை அதிகமாகக் காட்டும். அதிகமாக இருப்பதும் குறைவாக இருப்பதைப் போலவே விளக்கம் கேட்கப்படும் விஷயம்தான்.

ஆர்.டி.எஸ். செய்துவிட்டால் நோயாளியின் சீட்டு செத்துவிடுமா?

இல்லை. நாம் ரத்து செய்வது அந்த ஒரு முறை தயாரித்ததை மட்டும்தான். சீட்டு கணினியில் 'ஹோல்டு', அதாவது நிறுத்திவைத்த, நிலைக்குப் போகும், அவர் கேட்டால் திரும்பத் தயாரிக்கலாம். சாதாரண மருந்துச் சீட்டு பல மாநிலங்களில் ஓராண்டு செல்லும். அந்த ஆபத்து குறைவான மூன்றாம், நான்காம் அட்டவணைக் கட்டுப்பாட்டு மருந்துகளுக்கு எழுதிய தேதியிலிருந்து 6 மாதம், 5 ரீஃபில் என்பது எல்லை. 'மருந்தை நீங்களே எடுத்துக்கொண்டீர்கள்' என்று கோபமாக வருகிறவரிடம் இதைச் சொன்னாலே பாதிக் கோபம் இறங்கிவிடும்.

மக்கள் ஏன் வாங்க வருவதில்லை?

இதற்கு 'பொறுப்பில்லாத நோயாளிகள்' என்று ஒரே வரியில் பதில் சொல்பவர்கள் பணியறையில் எப்போதும் இருப்பார்கள். கேட்டுப் பார்த்தால் காரணம் வேறாக இருக்கும்.

முதல் காரணம் விலை. 2010-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு ஒரு கோடிக்கும் மேற்பட்ட சீட்டுகளைப் பார்த்தது. அதில் 100-க்கு 3-க்குச் சற்று அதிகமான சீட்டுகள் கடையிலேயே கைவிடப்பட்டன. கோபே இல்லாத மருந்தோடு ஒப்பிட்டால், கோபே 50 டாலரும் அதற்கு மேலும் ஆகும்போது கைவிடப்படும் வாய்ப்பு நாலு மடங்குக்கு மேல். டாக்டர் மின்னணு வழியில் அனுப்பிய சீட்டுகளும், முதன்முறையாகத் தொடங்கும் மருந்துகளும் கூடுதலாகக் கைவிடப்பட்டன. கடையில் ஒரு ஜனவரி மாதம் வேலை பார்த்தாலே இது புரிந்துவிடும். பல இன்சூரன்ஸ் திட்டங்களில், இன்சூரன்ஸ் தன் பங்கைத் தரும் முன் நோயாளியே கட்ட வேண்டிய டிடக்டிபிள் தொகை புதிதாகத் தொடங்குகிற மாதம் அது. டிசம்பரில் 10 டாலருக்கு வாங்கிய மருந்தை ஜனவரியில் 180 டாலர் என்றால் யார்தான் யோசிக்க மாட்டார்கள்?

இரண்டாவது, நாமே உண்டாக்குகிற குப்பை. டாக்டர் நிறுத்திவிட்ட மருந்து ஆட்டோ ரீஃபிலில் ஓடிக்கொண்டிருக்கும். மாத்திரை 10 மில்லிகிராமிலிருந்து 20-க்கு மாறியிருக்கும், ஆனால் பழைய 10 மில்லிகிராமும் மாதாமாதம் தயாராகும். 90 நாள் சீட்டு வந்த பிறகும் பழைய 30 நாள் சீட்டு அணைக்கப்படாமல் இருக்கும். என் கணிப்பில், அலமாரியைக் காலி செய்ய மிக எளிய வழி இங்கேதான் இருக்கிறது. ஒரே மருந்து ஒருவருக்கு அடுத்தடுத்து இரண்டு முறை திரும்பிப் போனால், ஆட்டோ ரீஃபிலை நிறுத்தி அவரைக் கேட்டுவிடுங்கள். மூன்றாவது முறை தயாரிப்பதற்கு எந்த நியாயமும் கிடையாது.

மற்றவை சில்லறைக் காரணங்கள். சீட்டு ஊருக்கு அந்தப் பக்கம் உள்ள கிளைக்குப் போயிருக்கும். போன் எண் மாறியிருக்கும். மருத்துவமனையில் சேர்ந்திருப்பார். வலி குறைந்துவிட்டதால் மாத்திரை வேண்டாம் என்றிருப்பார், அதுவும் சரிதான்.

போன் செய்யும்போது என்ன பேசுவது?

'உங்கள் மருந்து தயார், எப்போது வருகிறீர்கள்?' என்றால் 'சரி, வருகிறேன்' என்று சொல்லி வைத்துவிடுவார்கள். வர மாட்டார்கள். 'இந்த மருந்து இன்னும் உங்களுக்குத் தேவைப்படுகிறதா? ஏதாவது தடையா?' என்று கேட்டுவிட்டு ஒரு நொடி சும்மா இருங்கள். அந்த இடைவெளியில்தான் 'விலையைப் பார்த்தேன்' என்பதும் 'அதைச் சாப்பிட்டால் தலை சுற்றுகிறது' என்பதும் வெளியே வரும். தலை சுற்றல் என்றால் போனைப் பார்மசிஸ்ட்டிடம் கொடுத்துவிடுங்கள், அது நம் வேலை அல்ல.

குரல் பதிவில் மருந்தின் பெயரைச் சொல்லக் கூடாது. வீட்டில் யார் கேட்பார்கள் என்று தெரியாது. கடையின் பெயர், திரும்ப அழைக்க வேண்டிய எண், இவ்வளவு போதும்.

எல்லாருக்கும் போன் செய்ய நேரம் இருக்காது. அப்படியானால் யாரை முதலில் கூப்பிடுவது? இதயம், ரத்தம் உறைதல், வலிப்பு, சர்க்கரை, மாற்று உறுப்பு, எச்.ஐ.வி. மருந்துகள், அப்புறம் குழந்தைக்கு வந்த ஆன்டிபயாட்டிக். கம்பெனி தருகிற அழைப்புப் பட்டியல் வேறு கணக்கில் வரிசைப்படுத்தியிருக்கும். அதைப் பார்மசிஸ்ட் ஒருமுறை கண்ணால் ஓட்டி வரிசை மாற்றிக் கொடுத்தால் பத்து அழைப்பு ஐம்பது அழைப்பின் வேலையைச் செய்யும்.

'விலை அதிகம்' என்று சொன்னால் நம்மால் என்ன செய்ய முடியும்?

நிறையவே. முதலில் இன்சூரன்ஸ் இல்லாத ரொக்க விலையைப் பாருங்கள். சில ஜெனரிக் மருந்துகளுக்கு கோபேயைவிட ரொக்க விலை குறைவு. முன்பு இதை நோயாளியிடம் சொல்ல விடாமல் சில ஒப்பந்தங்கள் பார்மசிஸ்ட்டின் வாயைக் கட்டிவைத்திருந்தன. 2018 அக்டோபரில் வந்த இரண்டு மத்தியச் சட்டங்கள் அந்தத் தடையை நீக்கிவிட்டன.

பிராண்ட் மருந்து என்றால் உற்பத்தியாளரின் கோபே கூப்பன் இருக்கலாம். ஆனால் மெடிகேர், மெடிக்கெய்ட் உள்ளவர்களுக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது, லஞ்சத் தடுப்புச் சட்டம் குறுக்கே நிற்கும். மெடிகேர்காரர்களுக்கு வேறு வழிகள் உண்டு. 2023 முதல் மெடிகேரின் மருந்துக்கான பகுதி-டி திட்டத்தில் ஒரு மாத இன்சுலினுக்கு 35 டாலர்தான் உச்சம். 2025 முதல் ஆண்டுச் செலவுக்கு உச்சவரம்பு வந்திருக்கிறது, அந்த ஆண்டில் அது 2,000 டாலர். அதோடு, செலவை மாதத் தவணையாகக் கட்டும் வசதியும் வந்தது. ஒரே சீட்டுக்கு 600 டாலர் அல்லது அதற்கு மேல் கட்ட நேர்ந்தால், இந்த வசதி பற்றிய அறிவிப்பை நாம் கொடுத்தாக வேண்டும். அதில் சேர்ந்தவர் கவுண்டரில் பணம் தர வேண்டியதில்லை, பில் இன்சூரன்ஸ் திட்டத்திலிருந்து வீட்டுக்கு வரும். அந்தத் தாளைப் பையில் திணித்து அனுப்பாமல் இரண்டு வரி வாயால் சொல்லுங்கள்.

எதுவும் சரிப்படவில்லை என்றால் டாக்டருக்கு எழுதி அதே வகையில் மலிவான மருந்துக்கு மாற்றச் சொல்லலாம். முடியும் வரை சீட்டை ஹோல்டில் வையுங்கள், பையைத் தொங்கவிடாதீர்கள்.

மேலிடம் என்னென்ன எண்களைப் பார்க்கிறது?

கம்பெனிக்குக் கம்பெனி பெயர் மாறும், சாரம் ஒன்றுதான். சொன்ன நேரத்துக்குள் எத்தனை சதவீதம் தயாரானது, போனை எத்தனை நொடியில் எடுத்தீர்கள், தயாரித்ததில் எத்தனை சதவீதம் திரும்பிப் போனது, அலமாரியில் கெடு தாண்டிய பை எத்தனை, இருப்பு எத்தனை நாளைக்கு வரும், தடுப்பூசி எத்தனை, நோயாளிகள் கருத்துக் கணிப்பில் எத்தனை மதிப்பெண், மருந்தைத் தொடர்ந்து எடுப்பவர்கள் எத்தனை பேர்.

இவற்றில் கெடு தாண்டிய பை எண்ணிக்கைதான் எனக்குப் பிடித்த எண். அது பூஜ்யமாக இருக்க வேண்டும், காரணம் எல்லாருக்கும் புரியும், ஏமாற்றுவதும் சிரமம். சொன்ன நேரத்தில் தயாரான சதவீதம் அதற்கு நேர் எதிர். திரையில் நேரத்தைத் தள்ளிப் போட்டால் எண் பச்சையாகிவிடும், நோயாளி காத்திருந்த நேரம் அப்படியே இருக்கும்.

பி.டி.சி. என்று சொல்கிறார்களே, அது என்ன?

ஒரு காலகட்டத்தில் எத்தனை நாளுக்கு நோயாளியின் கையில் மருந்து இருந்தது என்ற விகிதம். க்ளெய்ம் தேதியையும் எத்தனை நாளுக்கான மருந்து என்பதையும் வைத்துக் கணக்கிடுகிறார்கள். 80 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் 'தொடர்ந்து எடுக்கிறார்' என்று பொருள். மெடிகேர் திட்டங்களின் நட்சத்திர மதிப்பீட்டில் மூன்று வகை மருந்துகளுக்கு இதைப் பார்க்கிறார்கள்: இன்சுலின் தவிர்த்த சர்க்கரை மருந்துகள், ரத்த அழுத்தத்துக்கான ஆர்.ஏ.எஸ். வகை மருந்துகள், கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின்கள். இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கு நட்சத்திரம் என்றால் பணம், அதனால்தான் அழுத்தம் கடை வரை இறங்கி வருகிறது.

ஜனவரி 1-ஆம் தேதி முதல் மருந்து வாங்கியவருக்கு ஆண்டு முழுவதும் 365 நாள். 80 சதவீதம் என்றால் 292 நாள் மருந்து கையில் இருக்க வேண்டும். விடுபட அனுமதி 73 நாள் மட்டுமே. 30 நாள் மருந்தை ஒவ்வொரு மாதமும் ஒரு வாரம் தாமதமாக வாங்குபவர் 37 நாளில் 30 நாளுக்குத்தான் மருந்து வைத்திருக்கிறார், சுமார் 81 சதவீதம். மயிரிழையில் தப்புகிறார். ஒரு மாதம் பையை வாங்காமல் விட்டால் கதை முடிந்தது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. வாங்காத பையின் க்ளெய்மை ரிவர்ஸ் செய்யாமல் விட்டால் அந்த 30 நாளும் 'கையில் மருந்து இருந்தது' என்று கணக்கில் ஏறும். எண் அழகாக இருக்கும், ஆள் மருந்தில்லாமல் இருப்பார். அவரை யாரும் கூப்பிடவும் மாட்டார்கள், ஏனென்றால் பட்டியலில் அவர் பெயர் வராது.

ஆர்.டி.எஸ். சதவீதத்தைக் குறை என்று மாவட்ட மேலாளர் நெருக்குகிறார். என்ன செய்வது?

செய்யக் கூடாததை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதைக் கற்றுத்தர ஆள் இருப்பார்கள். நோயாளி வராமலே 'விற்றது' என்று ஸ்கேன் செய்துவிட்டுப் பிறகு ரீஃபண்டு போடுவது மோசடி. 'அவர் நாளை வருவார்' என்பது ஒரு பதில் ஆகாது. பத்தாவது நாள் ரிவர்ஸ் செய்து, பையைத் தொடாமல், அதே நிமிடம் மறுபடி பில் போட்டுப் புதிதாகப் பத்து நாள் வாங்குவது இன்னொரு வித்தை. தணிக்கையில் அந்த இரண்டு தேதிகளும் அருகருகே தெரியும். விற்றதற்கு ஆதாரம் நோயாளியின் கையெழுத்துப் பதிவு. அது இல்லாவிட்டால் பி.பி.எம். முழுப் பணத்தையும் பிடித்துக்கொள்ளும்.

நேர்மையாகக் குறைக்க ஒரே வழி, யாரும் கேட்காததைத் தயாரிக்காமல் இருப்பது. இரண்டு வாரம் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். ஆர்.டி.எஸ். கூடையில் ஒவ்வொரு பையிலும் ஒரு எழுத்தைப் பேனாவால் குறியுங்கள்: விலைக்கு 'வி', ஆட்டோ ரீஃபிலுக்கு 'ஆ', இரட்டைச் சீட்டுக்கு 'இ', தெரியாததற்கு கேள்விக்குறி. பெரும்பாலான கடைகளில் ஏதாவது ஓர் எழுத்து மற்றவற்றை விழுங்கிவிடும். 'ஆ' என்றால் மேலே சொன்ன வேலை. 'வி' என்றால், கோபே இவ்வளவுக்கு மேல் வரும் புதிய மருந்தைத் தயாரிக்கும் முன் ஒரு குறுஞ்செய்தி. கேள்விக்குறி அதிகம் என்றால் போன் எண்கள் பழசாகிவிட்டன என்று பொருள். கவுண்டருக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் எண்ணைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

மேலாளரிடம் சதவீதத்தோடு இந்த எழுத்துக் கணக்கையும் கொடுங்கள். ஒரு பையைத் தயாரிப்பதும் அதைப் பிரிப்பதும் சேர்த்து இரண்டு வேலை. விற்ற சீட்டை வைத்து ஆள் நேரம் ஒதுக்கும் கம்பெனிகளில் இந்த இரண்டுக்கும் நேரம் கிடைப்பதே இல்லை. இந்த வாதம் அவர்களுக்குப் புரியும்.

எண்ணுக்காக ஓடி ஓடித் தவறு நேர்ந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. இதற்கு ஏதாவது பாதுகாப்பு உண்டா?

பயம் நியாயமானதுதான். கலிபோர்னியா 2021-இல் நிறைவேற்றிய சட்டம், சங்கிலி மருந்துக்கடைகள் பார்மசிஸ்ட்டுகளுக்கும் டெக்னீஷியன்களுக்கும் வேலை எண்ணிக்கையில் கோட்டா வைப்பதைத் தடை செய்தது. 2022 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கிறது. 2023 செப்டம்பரில் கன்சாஸ் சிட்டி பகுதியில் ஒரு பெரிய சங்கிலியின் பார்மசிஸ்ட்டுகள் ஆள் பற்றாக்குறையை எதிர்த்து வேலைக்கு வராமல் இருந்தார்கள். அதற்குப் பிறகு பல இடங்களில் இந்தப் பேச்சு எழுந்தது.

கடையில் நடைமுறையாகச் செய்யக்கூடியது ஒன்று. சரிபார்க்கும் பார்மசிஸ்ட்டை இடையில் பேச்சுக் கொடுத்துக் கலைக்காதீர்கள். திரை சிவப்பாக இருந்தால் இருக்கட்டும்.

ஆள் குறைவான நாளில் ஆர்.டி.எஸ்.-ஐத் தள்ளிப் போடலாமா?

ஒரு நாள் தள்ளலாம், கெடுவுக்கு முன்பே தொடங்கும் பழக்கம் இருந்தால். கடைசி நாளில்தான் எடுப்பது என்று வைத்திருந்தால் தள்ள இடமே இருக்காது. திங்கட்கிழமை மட்டும் வேண்டாம், வார இறுதிச் சீட்டுகள் எல்லாம் அன்றுதான் வந்து விழும்.

பட்டியலில் இருக்கிறது, அலமாரியில் பை இல்லை. என்ன செய்வது?

உடனே ரிவர்ஸ் செய்துவிடாதீர்கள். முதலில் ஃப்ரிட்ஜ், பெரிய பெட்டிகள் வைக்கும் இடம், டிரைவ்-த்ரூ ஜன்னலுக்குக் கீழே, பூட்டிய அலமாரி. அப்புறம் பெயர் வரிசையில் முன்னும் பின்னும், ஒரே குடும்பப் பெயருள்ளவர்களின் பைகளுக்குள்ளும் பாருங்கள். இரண்டு பைகள் ஒன்றோடொன்று ஸ்டேப்பிள் ஆகியிருப்பது அடிக்கடி நடப்பதுதான். அங்கும் இல்லை என்றால், அந்தக் குடும்பப் பெயரில் சமீபத்தில் யார் வாங்கிப் போனார்கள் என்று விற்பனைப் பதிவைப் பாருங்கள்.

வேறு ஒருவர் கையில் போயிருக்க வாய்ப்பிருந்தால் அது ஆர்.டி.எஸ். பிரச்சினை அல்ல, தவறான மருந்து போன பிரச்சினை. பார்மசிஸ்ட்டிடம் அந்த நிமிடமே சொல்லுங்கள். அவர் அந்த வீட்டுக்குப் போன் செய்வார், அந்த மாத்திரையை யாரும் விழுங்கவில்லை என்று தெரியும் வரை மற்ற வேலை நிற்கட்டும்.

நோயாளியே வாங்கிப் போய், ஸ்கேன் மட்டும் விட்டுப்போயிருந்தால், அவரைக் கூப்பிட்டு உறுதி செய்து, அடுத்த முறை வரும்போது கையெழுத்து வாங்க அவர் பதிவில் குறிப்பு எழுதி வையுங்கள். கோபே பாக்கி இருந்தால் அதையும் அதே குறிப்பில் சேருங்கள்.